சீட்டு எடுத்து வாங்கிய சீட்

"ஏழரை சதவீதத்துல சீட் கிடைச்சா ஃபீஸ் எல்லாம் அரசாங்கமே கட்டிடுமே, அப்புறம் உங்களுக்கு என்னம்மா செலவு?"

போன மாதம் மட்டும் நாலு பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். நான் கோத்தகிரி பஜாரில் ஒரு இ-சேவை கடையில் வேலை பார்க்கிறேன். ரிசல்ட் வந்துவிட்டால் வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். என் தங்கச்சி எம்.பி.பி.எஸ். படிப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் சான்றிதழுக்கு வருகிறவர்கள் கூடவே இந்தக் கேள்வியையும் கொண்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல முடியவில்லை. நான் வைத்திருந்த கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஃபீஸை அரசாங்கம் கட்டுகிறது என்பது உண்மைதான். 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அதில் சீட் வாங்கினால், தனியார் கல்லூரியாகவே இருந்தாலும், கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு ஏற்கும். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: 6-லிருந்து. பிளஸ் ஒன்னுக்கு மட்டும் அரசுப் பள்ளிக்கு மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும்.

நாங்களும் அந்தப் பள்ளத்தில் விழப் பார்த்தவர்கள்தான். தங்கச்சி எட்டாவது படிக்கும்போது சித்தப்பா, நான் பணம் கட்டுகிறேன், குன்னூரில் இங்கிலீஷ் மீடியம் சேர்த்துவிடலாம் என்றார். அம்மா வேண்டாம் என்றாள். அதற்குப் பெரிய தொலைநோக்கெல்லாம் காரணம் இல்லை. "அவரு பாதியில நிறுத்திட்டா நாம யார்கிட்ட போய் நிக்கிறது?" அவ்வளவுதான் அம்மாவின் வாதம். தங்கச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போது 7.5 என்று ஒன்று வரும் என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் திட்டம் போட்டுச் செய்ததில் பாதி, திட்டமே போடாமல் நடந்ததுதான்.

திட்டம் போட்டது என்றால் பிளஸ் ஒன் குரூப். டாக்டர் ஆசை இருக்கிற பிள்ளைகள் ப்யூர் சயின்ஸ் போகலாமா, பயோ-மேத்ஸ் எடுக்கலாமா என்பது எங்கள் கடையிலேயே தினம் நடக்கிற பட்டிமன்றம். ப்யூர் சயின்ஸில் கணக்கு கிடையாது, தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக வரும், நீட்டுக்கு நேரம் மிச்சம் என்பார்கள். நியாயம்தான். ஆனால் நீட் கைவிட்டால் இன்ஜினியரிங் கதவும் சேர்ந்து மூடியிருக்கும். தங்கச்சிக்குக் கணக்கு வேப்பங்காய், இருந்தும் பயோ-மேத்ஸ்தான் எடுக்க வைத்தேன், அதற்காக இன்றைக்கும் திட்டுவாள். நீட்டில் இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 கேள்வி, மொத்தம் 720 மார்க், இதில் கணக்குக்கு என்ன வேலை என்று கேட்டாள். இயற்பியலில் அந்த 45 கேள்வியைப் போடுவதற்குக் கணக்கு தெரிந்த கை வேண்டும் என்று சொன்னேன். நான் படித்தது பி.காம்., எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், அவளுடைய பிசிக்ஸ் டீச்சர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன்.

இன்னொன்று. நீட், நீட் என்று பிளஸ் டூ மார்க்கை விட்டுவிடாதீர்கள். பி.எஸ்சி. அக்ரி, கால்நடை மருத்துவம், நர்சிங், பார்மசி எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். அக்ரி, கால்நடை, இன்ஜினியரிங்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-லிருந்து அதே 7.5 உண்டு. இது தெரியாமல் பிளஸ் டூவில் ஏனோதானோவென்று எழுதிவிட்டு, நீட்டும் போய், கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

2022 ஜூலை 17, முதல் நீட். சென்டர் கோயம்புத்தூர். மதியம் ஒன்றரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள். கீழே சமவெளியில் இருப்பவர்கள் காலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ஜூலை மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மரம் விழுந்தால் எங்கள் கதை அவ்வளவுதான். அதனால் முதல் நாளே அப்பாவும் அவளும் இறங்கி காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். பஸ், லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய். நோட்டின் முதல் வரி இதுதான்.

மார்க் 164. அந்த வருடம் தகுதி மதிப்பெண் பொதுப் பிரிவுக்கே 117தான், ஆகவே "குவாலிஃபைடு" என்று போட்டிருந்தது. அம்மா எங்கள் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்க லட்டு கொடுத்துவிட்டாள். தகுதி என்பது வேறு, சீட் என்பது வேறு என்று நான் அவளிடம் சொல்வதற்குள் லட்டு தீர்ந்துவிட்டது. தகுதி பெற்றால் ரேங்க் பட்டியலில் பெயர் வரும், அவ்வளவுதான்.

இப்போது என்ன செய்வது? ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் கிடைத்தது. என் யோசனை, டிகிரியைப் படித்துக்கொண்டே நீட்டையும் எழுதட்டும், ஒரு வருடம் வீணாக வேண்டாம், எப்படியும் இரண்டும் உயிரியல்தானே. சேர்த்துவிட்டோம். தினம் கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு பஸ், போக வர மூன்று மணி நேரம் பக்கம் போய்விடும். ஒரு மாதத்திலேயே என் "எப்படியும் இரண்டும் உயிரியல்தானே" பல்லைக் காட்டிவிட்டது. முதல் செமஸ்டரில் அங்கே நடப்பது முதுகெலும்பில்லாத உயிரினங்கள், கடற்பஞ்சும் நாடாப்புழுவும். நீட்டின் உயிரியலில் பாதிக்கு மேல் மனித உடற்செயலியல், மரபியல், தாவரவியல். இது பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகத்தை வரி வரியாக மனதில் ஏற்றுகிற படிப்பு, அது வேறு படிப்பு.

"அக்கா, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வைக்கச் சொல்றியா?" என்று ஒருநாள் ராத்திரி அழுதாள். நான் பிடிவாதமாகத்தான் இருந்தேன். பிறகு ஒரு ஒப்பந்தம் போட்டோம், நோட்டிலேயே எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினேன்: முதல் செமஸ்டர் பரீட்சையை எழுத வேண்டும், டிசம்பரிலிருந்து கோயம்புத்தூரில் கோச்சிங், ஒரே ஒரு தடவைதான், கிடைக்காவிட்டால் மறுபேச்சு இல்லாமல் டிகிரிக்குத் திரும்ப வேண்டும். நீட்டுக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு கிடையாது, மேல் வயது வரம்பும் கிடையாது. அதனால் நாமாக ஒரு வரம்பு போடாவிட்டால் அது முடிவே இல்லாமல் போகும். எஸ்டேட்டில் எங்கள் பக்கத்து டிவிஷனில் ஒரு பையன் நாலாவது தடவை எழுதிக்கொண்டிருக்கிறான், அவன் அம்மா என் முன்னால் உட்கார்ந்து அழும்போது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியாது.

சரி, பணம். கோச்சிங் 45,000. ஹாஸ்டல் மாதம் 6,500 வீதம் ஐந்து மாதம், 32,500. பஸ், ஜெராக்ஸ், மொபைல் ரீசார்ஜ், நடுவில் வந்த டைஃபாய்டு எல்லாம் சேர்த்து 9,000.

எங்கள் வீட்டில் சம்பளம் என்பது டீ எஸ்டேட் சம்பளம். அம்மா இலை எடுக்கிறாள், அப்பா ஃபேக்டரி. தாத்தா, பாட்டி இலங்கையிலிருந்து சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில், அங்கிருந்த தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது வந்தவர்கள். பாட்டி இருந்தவரை வீட்டை "லயம்" என்றுதான் சொல்வாள், நாங்கள் "லைன்" என்கிறோம். எப்படிச் சொன்னாலும் வீடு எஸ்டேட்டினுடையது. பட்டா கிடையாது, அதை வைத்து எந்த வங்கியிலும் ஒரு ரூபாய் வாங்க முடியாது.

அம்மா ஒரு 50,000 ரூபாய் ஏலச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தாள். அவசரத்துக்குத் தள்ளி எடுத்ததில் 41,000 கைக்கு வந்தது, 9,000 தள்ளுபடியில் போனது. அப்பா பி.எஃப்.பில் பிள்ளைகள் படிப்புக்கு அட்வான்ஸ் கேட்டார். ஏழு வருடம் சந்தா கட்டியிருந்தால் தன் பங்கில் பாதி வரை எடுக்கலாம் என்பது அப்போதிருந்த விதி. ஆனால் ஆதாரில் அப்பா பெயரில் ஒரு எழுத்து, பி.எஃப். பதிவில் ஒரு எழுத்து. ஊருக்கெல்லாம் பெயர் திருத்திக் கொடுக்கிற நான், சொந்த அப்பாவின் பெயரைப் பத்து வருடமாகப் பார்க்கவில்லை! அதைச் சரிசெய்து 35,000 வருவதற்கு நாலு மாதம். அதற்குள் அம்மாவின் தோடும் என் செயினும் கூட்டுறவு வங்கிக்குப் போய்விட்டன, 30,000. என் கைச்சேமிப்பு 20,000. மீதியை, 2022 செப்டம்பரில் ஆரம்பித்த புதுமைப் பெண் திட்டத்தில் அவளுக்கு வந்த மாதம் ஆயிரத்தை வைத்துச் சமாளித்தோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு அந்த ஆயிரம் எம்.பி.பி.எஸ். படிக்கும்போதும் உண்டு.

2023 மே 7, இரண்டாவது நீட். மே மாதம் சீசன் என்பதால், ஊட்டியிலிருந்து கீழே போகிற டூரிஸ்ட் வண்டிகளையெல்லாம் கோத்தகிரி வழியாகத்தான் திருப்பி விடுவார்கள். அன்றைக்கு இங்கிருந்து கிளம்பியிருந்தால் அம்போதான். நல்லவேளை அவள் அப்போது கீழேயே இருந்தாள். மார்க் 418.

அதற்கப்புறம் தொடங்கியது பேப்பர் வேலை. ஏழரைக்கு, 6 முதல் 12 வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தாளோ அங்கெல்லாம் சான்று வாங்க வேண்டும். அவள் எட்டு வரை ஒரு பள்ளி, அதற்கு மேல் வேறு பள்ளி. சாதிச் சான்றிதழ் எங்களைப் போன்ற தாயகம் திரும்பியோர் குடும்பத்துக்குத் தனிக் கதை. தாத்தாவின் சாதிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாமில் கால் வைத்தபோது கையில் இருந்த மடிப்பு கிழிந்த காகிதத்தைத்தான் காட்ட முடியும். ஓர் அலுவலகத்தில் அந்தக் காகிதத்தையே தொலைத்துவிட்டு, நீங்கள் கொடுக்கவே இல்லை என்றார்கள். நான் முன்பே அதை ஸ்கேன் பண்ணி வைத்திருந்ததால் தப்பித்தோம். விண்ணப்பித்து 14 மாதம் கழித்துக் கைக்கு வந்தது. அவள் பிளஸ் ஒன் படிக்கும்போதே விண்ணப்பித்திருந்ததால்தான் கவுன்சலிங்குக்குக் கையில் இருந்தது. நீட் ரிசல்ட் வந்த பிறகு சாதிச் சான்றிதழுக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பிள்ளை பத்தாவது எழுதும்போதே வாங்கி வையுங்கள். வருமானச் சான்று மட்டும் ஒரு வருடம்தான் செல்லும், அதை அந்தந்த வருடம் வாங்குங்கள்.

சேர்ந்திருந்த கல்லூரியில் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் இருக்கும், டி.சி.யோடு அதையும் வாங்க நாள் ஒதுக்குங்கள். கவுன்சலிங்குக்கு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி மூன்று பேர் சென்னை போய் வந்தோம், 6,200 ரூபாய். அம்மாவுக்கு ஊட்டி மெடிக்கல் காலேஜ்தான் வேண்டும். 2022-ல் திறந்தது, 150 சீட், வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். எங்கள் முறை வந்தபோது திரையில் ஊட்டிக்கு நேராக எங்களுக்கான இடம் காலியாகிவிட்டிருந்தது. கீழே ஒரு அரசுக் கல்லூரி கிடைத்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தங்கச்சிக்குச் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன், காட்டிக்கொள்ளவில்லை.

இனி "என்ன செலவு" என்று கேட்டவர்களுக்கான பகுதி. ஹாஸ்டலில் சேரும்போது கையிலிருந்து கட்டியது 12,000, அதில் ஒரு பகுதி பின்னால் திரும்பி வந்தது. வெள்ளைக் கோட் இரண்டு, 1,300. சீனியரிடம் பழைய புத்தகங்கள் 6,500. மெத்தை, பக்கெட், பூட்டு வகையறா 3,200. டேபிள் ஃபேன் 1,450. இந்த ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஃபேன் கிடையாது, லைனில் யார் வீட்டிலும் கிடையாது. பத்தொன்பது வயது வரை கம்பளிக்குள் தூங்கிய பெண் முதல் ராத்திரி போன் பண்ணி, "அக்கா, இங்க சுவரே சுடுது" என்றாள். மறுநாள் நான் போட்ட பணத்தில் வாங்கிய ஃபேன் அது.

அப்புறம் எலும்பு. முதல் வருடம் அனாடமிக்கு (உடற்கூறியல்) ஒரு செட் எலும்பு வேண்டும், சீனியர் ஜூனியருக்கு விற்பார், ஜூனியர் அடுத்த வருடம் அவனுடைய ஜூனியருக்கு. 8,000 ரூபாய். பொங்கல் லீவுக்கு ஒரு துணிப்பையில் அதை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மா பைக்குள் கை விட்டு, என்னடா இது மரவள்ளிக்கிழங்கு மாதிரி என்று ஒன்றை வெளியே எடுத்தாள். தொடை எலும்பு. நிஜ மனுஷனுடையது என்று தங்கச்சி சொன்னதும் அம்மா அதைக் கீழே போடவில்லை, அதுதான் ஆச்சரியம். இரண்டு கையாலும் மெதுவாகப் பைக்குள் வைத்து, பையை விறகுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் ஒரு விளக்கும் ஏற்றிவிட்டு வந்தாள். யாரு பெத்த பிள்ளையோ என்றாள். அந்த லீவு முழுக்க தங்கச்சி விறகுக் கொட்டகையில் உட்கார்ந்துதான் படித்தாள். ஒவ்வொரு எலும்பிலும் எந்தத் தசை எங்கே ஒட்டும் என்று கலர் சாக்பீஸால் வரைவாள், துடைப்பாள். நீட்டைத் தமிழில் எழுதிவிட்டுப் போனவள், அங்கே எல்லாம் ஆங்கிலம், முதல் இன்டர்னலில் அனாடமி போய்விட்டது. முதல் வருடப் பாடங்களை நாலு தடவைக்குள் தேறியாக வேண்டும் என்ற விதியைச் சொல்லி அவளே பயந்துகொண்டிருந்தாள். பரீட்சையில் ஒரே மூச்சில் தேறிவிட்டாள்.

கூட்டிப் பாருங்கள், முதல் நீட்டிலிருந்து முதல் வாரம் வரை 1,27,500 ரூபாய். இதில் ஒரு பைசாகூட காலேஜ் ஃபீஸ் இல்லை. வீட்டில் ஒருவர் சம்பளம் ஒரு வருடத்துக்கு அப்படியே போன மாதிரி. இதற்கு எந்த வங்கியும் கடன் தராது, ஏனென்றால் சீட் கிடைப்பதற்கு முன்னால் நீங்கள் எந்தக் கல்லூரியின் மாணவரும் இல்லை.

சீட் கிடைத்த பிறகு என்றால் கடன் உண்டு. 4 லட்சம் வரை அடமானமோ வெளி ஆள் ஜாமீனோ இல்லாமல் கொடுக்க வேண்டும், ஏழரை லட்சம் வரை சொத்து கேட்காமல் கொடுக்க அரசு உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை. தவணைதான் இல்லை, வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும், இதைச் சொன்னால் நிறையப் பேர் திடுக்கிடுகிறார்கள். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் கால வட்டிக்கு மத்திய அரசு மானியம் உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்குங்கள். ஏழரை சதவீத ஒதுக்கீடு இல்லாமலே அரசுக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஃபீஸ் வருடத்துக்கு இருபதாயிரத்துக்குள்தான், அதற்குக் கடன் தாங்கும்.

தனியார் நிர்வாக ஒதுக்கீடுதான் வேறு உலகம். பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) அண்ணன் ஒருவர் பையனுக்காக வந்தார். வருடம் பதிமூன்றரை லட்சம் என்று ஒரு கல்லூரியில் சொன்னார்களாம். ரெண்டு ஏக்கர் தோட்டம் இருக்கு, சமாளிச்சிடலாமில்ல என்றார். கால்குலேட்டரை எடுத்தேன். நாலரை வருடத்துக்கு 60 லட்சத்துக்கு மேல். பச்சை இலை கிலோ 20 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலே 3 லட்சம் கிலோ. அவர் தோட்டத்தில் வருடத்துக்கு 9,000 கிலோ வரும் என்றார். வகுத்தால் 33 வருடம் வருகிறது, இலை எடுக்கிற கூலி, உரம், மருந்து எதையும் கழிக்காமல். அண்ணன் கால்குலேட்டரை வாங்கி அவரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு வெளிநாடு பற்றிக் கேட்டார். குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஒரு வருட இன்டர்ன்ஷிப், திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வு, அதிலும் தேறினால் இங்கே இன்னொரு வருட இன்டர்ன்ஷிப். ஏஜென்ட் முதல் வரியை மட்டும்தான் சொல்லியிருந்தார். பையன் இப்போது பி.ஃபார்ம். படிக்கிறான், போன வாரம் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறான்.

தங்கச்சி இப்போது மூன்றாம் வருடம். எலும்பை ஜூனியருக்கு 7,000-க்கு விற்றுவிட்டாள், நோட்டில் வரவுப் பக்கத்தில் இருக்கிற ஒரே பெரிய தொகை அதுதான். பி.ஜி. மேற்படிப்பு பற்றிப் பேச்செடுக்கிறாள், நான் காதில் வாங்காத மாதிரி இருக்கிறேன். ஏனென்றால் 2028-ல் அப்பா ரிட்டயர்டு, லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும், அவள் அப்போதுதான் ஹவுஸ் சர்ஜன் பண்ணிக்கொண்டிருப்பாள். அந்த ஸ்டைபண்ட் வாடகை வீட்டு அட்வான்ஸுக்கா, அவள் பி.ஜி. கோச்சிங்குக்கா என்ற சண்டைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. அம்மா அதற்குள் புதுச் சீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். ஒரு லட்சம், மாதம் 5,000, 20 மாதம். இந்தத் தடவை தள்ளி எடுக்காமல் கடைசி வரை கட்டப் போகிறாளாம்.